மாநாட்டுக்கு ஓர் ஏழை தேவை

“புனேக்குப் போய் ஓர் ஏழையை அழைத்து வர வேண்டும். நீங்களும் கூட வர முடியுமா?” என்று ஹென்ரிக் போனில் கேட்டார். நான் அப்போது ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆறிப்போன உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தேன். யாரை என்று மறுபடி கேட்டேன்.

“ஓர் ஏழையை. மாநாட்டுக்கு.”

நான் வட ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டில் இருக்கிறேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அக்கம்பக்கத்து நாடுகளிலும் விசாரித்துவிட்டேன், எல்லா இடத்திலும் இதே கதைதான். அப்புறம் ஒருத்தர் பெயரை மட்டும் எதற்குக் கெடுப்பது? அங்கே எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. டாக்டருக்கும் தமிழ்ப் பாட்டிமார்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, “முழங்காலுக்குள்ள யாரோ மிளகாய் அரைக்கிற மாதிரி இருக்கு” என்பதை அந்த ஊர் மொழியில் சொல்லுவேன்.

ஹென்ரிக் ஓர் உதவி நிதியத்தின் தலைவர். மிக நல்ல மனிதர். வறுமையை ஒழிப்பது எப்படி என்றே வாழ்நாள் முழுக்க யோசித்து, அதனால் முடி கொட்டிப்போனவர். அவருடைய நிதியம் ஒவ்வொரு வருஷமும் ஒரு மாநாடு நடத்தும். பணக்கார நாடுகள் வறுமையைக் குறைக்க என்ன செய்யலாம் என்பது தலைப்பு. போன முறை, கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, “இந்த அரங்கத்தில் ஏழை என்று யாராவது ஒருவர் இருக்கிறீர்களா?” என்று கேட்டாளாம். இருநூறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி கொடுத்துக்கொண்டிருந்த பையனைக்கூடச் சிலர் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி.

ஆகவே இந்த முறை ஓர் ஏழையை மேடையேற்றுவது என்று முடிவாயிற்று. ஆளையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நிதியத்தின் வரவேற்பறையில் ஆளுயரப் படம் ஒன்று உண்டு. கன்னத்தில் கை வைத்து, உலகத் துயரமெல்லாம் கண்ணில் தேங்க, ஒரு தமிழ்ப் பெண். புனேயில் தாபோடி என்ற இடத்தில் நிதியம் முன்பு நடத்திய தையல் வகுப்பில் எடுத்த படம். பெயர் கலாவதி. தமிழ் மட்டும்தான் சரியாக வரும் என்று யாரோ எழுதி வைத்திருந்ததால், துணைக்கு நான்.

ஹென்ரிக்குக்கு இந்திய விசா எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் காபி குடித்தபடி கம்ப்யூட்டரில் தட்டினார். இரண்டாவது கோப்பை முடிவதற்குள் விண்ணப்பம் போய்விட்டது, சில நாளில் விசா வந்துவிட்டது. “உங்கள் நாடு எவ்வளவு திறந்த மனது கொண்டது!” என்று நெகிழ்ந்தார்.

*

புனேயில் கோர்படிப் பக்கம் விருந்தினர் விடுதி ஒன்றில் தங்கினோம். முதல் நாள் காலையே தாபோடிக்கு ஆட்டோ. ஹென்ரிக் ஆறரை அடி. ஆட்டோவுக்குள் நுழைந்தபோது முழங்கால்கள் அவருடைய காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அந்த நிலையிலேயே அவர் எனக்கு, வறுமையைக் குறைக்கப் பணக்கார நாடுகளிடம் இருக்கும் ஆறு வழிகளை விளக்க ஆரம்பித்தார். உதவித்தொகை ஒன்று. ஏழை நாட்டுச் சரக்குக்கு வரியைக் குறைப்பது இரண்டு. மூன்றாவதைச் சொல்லும்போது வேகத்தடை வந்தது. கடன் தள்ளுபடியோ மருந்து விலையோ, ஏதோ ஒன்று கூரையில் மோதி நின்றுவிட்டது. தலையைத் தடவிக்கொண்டே நான்காவதுக்குப் போனார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்து மராத்தியில் என்னமோ சொன்னார். எனக்கு மராத்தி தெரியாது. இந்தியில் கேட்டேன். “பெரியவர் இவ்வளவு நேரமாகத் திட்டுகிறாரே, நான் மீட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறேன் என்று அவருக்குச் சொல்லுங்கள்” என்றார்.

கலாவதியின் வீடு ஒரு சந்தில், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு அறைகள். கதவைத் திறந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். உருண்டை முகம், பளிச்சென்ற சிரிப்பு. படத்தில் இருந்த துயரத்தில் ஒரு துளி இல்லை.

“வாங்கக்கா, வாங்க சார். நாஷ்டா ஆச்சா? நேத்தே வருவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்குன்னு பாத்து பாயிக்கு சுட்டி, ஒரே வேல.”

ஹென்ரிக் ஆவலாக என் பக்கம் திரும்பினார். நான் தொண்டையைச் செருமினேன். என் ஊர் நாகர்கோவில். எங்கள் ஊரில் பாய் என்றால் முஸ்லிம் அன்பர், சுட்டி என்றால் குறும்பு. “பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவர் இன்று மிகவும் குறும்பாக இருக்கிறார், அதனால் இவருக்கு வேலை அதிகம்” என்று மொழிபெயர்த்தேன். ஹென்ரிக் கவலையோடு, பெரியவருக்கு மறதி நோயா என்று கேட்கச் சொன்னார்.

கலாவின் மகள் ப்ரீத்திதான் காப்பாற்றினாள். ஹிஞ்சவாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் மட்டும் கல்லும் மண்ணுமாக வரும். “ஆன்ட்டி, பாயின்னா காம்வாலி. வேல செய்ற லேடி. சுட்டின்னா லீவு. மம்மி ஹெல்ப்பர் இன்னிக்கு வரல, அது சொல்றா.”

இப்போது ஹென்ரிக்கின் முகம் வேறு மாதிரி மாறியது. “இவருக்கு வேலையாள் இருக்கிறாரா?”

இருந்தார். கலா அதிகாலையில் மாவு, சட்னியெல்லாம் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் வாகட் என்ற பகுதிக்குப் போய், பெரிய அபார்ட்மென்ட் வளாகத்து வாசலில் இட்லி, வடை விற்கிறார். கூட ஒரு மராத்திப் பெண் உதவிக்கு. அவருக்கு ஒழுங்காகச் சம்பளம், தீபாவளிக்குப் புடவை. “நம்ம ஏழை ஒரு முதலாளி” என்று ஹென்ரிக்கிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல், கலா கொடுத்த அவலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் படத்தில் அவ்வளவு சோகமாக இருந்தாரே, அதைக் கேளுங்கள்” என்றார் கடைசியில்.

கேட்டேன். கலா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐயோ, அதுவா? அன்னிக்கு எனக்குப் பல்லு வலிக்கா. கடவாப் பல்லு. கன்னம் இந்தாண்ட வீங்கிப் போச்சு. போட்டோக்காரரு வேற, அப்படியே இருங்க, அப்படியே இருங்கன்னு அரை மணி நேரம்.” பிறகு சொன்னார். “ப்ரீத்தி அப்பா போய் ஒரு வருசம் ஆயிருந்துச்சு. அதுக்கெல்லாம் அழுது முடிச்சுட்டேன். அது வெறும் பல்லுதான்.”

அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

*

மறுநாள் காலை வாகட்டுக்குப் போனோம். அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஐ.டி. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கலா ஒருவனை இந்தியில் விரட்டினார், இன்னொருத்தியை மராத்தியில் கொஞ்சினார், மூன்றாமவனிடம் ஆங்கிலத்தில் “நோ எக்ஸ்ட்ரா சட்னி” என்றார். தமிழில் பேசியது இட்லிப் பானையோடு மட்டும்தான். தமிழ் மட்டும்தான் வரும் என்று எழுதி வைத்த புண்ணியவானை நினைத்துக்கொண்டேன். அவரால்தான் எனக்கு டிக்கெட் கிடைத்தது, திட்ட மனம் வரவில்லை.

எங்கள் ஊரில், அதாவது நான் இப்போது வாழும் ஊரில், இப்படி நடைபாதையில் அடுப்பு வைத்தால் கலாவைக் கைது செய்யவே நாலு துறை அதிகாரிகள் வருவார்கள். பிறகு அதே நாலு துறையும் சேர்ந்து அவருக்குச் சுயதொழில் பயிற்சி கொடுக்கும்.

ஹென்ரிக் வரிசையில் நின்று ஒன்பது இட்லி சாப்பிட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எதிரே ஒரு கடையில் மிசல் பாவ் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, உள்ளூர் உணவை மதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். பயறுக் குழம்புதான், ஆனால் மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும். முதல் வாயில் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவதில் கைக்குட்டையை எடுத்தார். கடைக்காரர் மறுபடி குழம்பு ஊற்ற வந்தபோது, வேண்டாம் என்று சொல்லக் குரல் வரவில்லை, கையைத்தான் ஆட்டினார். அதை இன்னும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு அவர் ஊற்றிவிட்டார்.

திரும்பும்போது ப்ரீத்தியின் யோசனைப்படி லோக்கல் ரயிலில் வந்தோம். எதிர் இருக்கையில் இரண்டு அம்மாக்கள் ஹென்ரிக்கை மேலும் கீழும் பார்த்து மராத்தியில் பேசிக்கொண்டார்கள். ப்ரீத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னாள். ஒருத்தி, “பாவம், இந்த உயரத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்?” என்றிருக்கிறாள். மற்றவள், “முகத்தைப் பார், ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறார், நீ சும்மா இரு” என்றிருக்கிறாள். ஹென்ரிக் ஜன்னல் பக்கம் திரும்பி, மிசலோடு போராடிக்கொண்டிருந்தார்.

*

அன்று மாலை கலா வீட்டில் ரசம் சாதம். வயிற்றுக்கு இதமாக இருந்ததால் ஹென்ரிக் மறுபடி ஆறு வழிகளுக்கு வந்தார். ப்ரீத்தி கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் ஆங்கிலத்தில், “அங்கிள், நாங்கள் உங்கள் நாட்டுக்கு வந்து வேலை பார்ப்பது இந்த லிஸ்டில் இல்லையா?” என்றாள்.

“ஏழாவதாக இருந்தது” என்றார் ஹென்ரிக், தட்டைப் பார்த்துக்கொண்டே. “உண்மையில் எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது அதுதான். ஆனால் அரசியல்வாதிகளுக்குப் பிடிப்பதில்லை. மாநாட்டுக்கு அமைச்சர் வருகிறார். அதனால் எடுத்துவிட்டோம்.”

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைக் கவனித்தேன்.

மறுநாள் விசாவுக்கு நேர்காணல். சாப்பிட்டு முடித்ததும், ஹென்ரிக்கின் வயிற்றுக்கு மருந்து வாங்கக் கடையைக் காட்டுகிறேன் என்று கலா என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே பிள்ளைகள் கணபதி விழாவுக்காக டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் யாரும் நம் பேச்சைக் கேட்க முடியாது. அங்கே வண்டியை நிறுத்தினார்.

“அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க.”

“எம் பையன் அங்கதான்க்கா இருக்கான். உங்க ஊர்ல. தினேஷ். ஓட்டல் கிச்சன்ல வேல.”

அவர் சொல்லிக்கொண்டே போனார். தினேஷ் முறையாகத்தான் போயிருக்கிறான். முதலில் வேலை பார்த்த ஓட்டலை மூடிவிட்டார்கள். வேறு ஓட்டலில் சேர்ந்து அனுமதியைப் புதுப்பிக்க எழுதிப்போட்டிருக்கிறான். அது இன்னும் வரவில்லை. வரும்வரை அங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் ஊருக்கு வந்துவிட்டால் திரும்பப் போக முடியாது. அவனைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. மேல் அறை, ஸ்கூட்டி, இட்லிக் கடை, ப்ரீத்தியின் படிப்பு எல்லாம் அவன் அனுப்பியதில் வந்தது.

“நிதியம் கொடுத்த தையல் மெசினு?” என்றேன்.

“அது நல்ல மெசினுதான்க்கா. பரண் மேல இருக்கு.”

பாலத்துக்குக் கீழே டோல் உச்சத்துக்குப் போயிற்று. கலா என் காதருகே வந்து கத்தினார். “மாநாட்டுல இன்னா பேசச் சொன்னாலும் பேசறேன். அழச் சொன்னாகூட அழறேன். ரெண்டு நாள் அவனைப் பாத்துட்டு வந்துடறேன். ஆனா நாளைக்கு, அங்க உனக்கு யாராச்சும் இருக்காங்களான்னு கேப்பாங்களாம். புள்ளை இருக்கான்னா, நான் திரும்பி வர மாட்டேன்னு விசா தர மாட்டாங்களாம். நான் யாரும் இல்லைன்னு சொல்லிடட்டுமா?”

மொழிபெயர்ப்பாளர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. “நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் நான் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்” என்றேன். சொல்லும்போதே, இதைவிடப் பயனில்லாத பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை என்று தோன்றியது. கலா தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். மருந்துக் கடையை இருவரும் மறந்துவிட்டோம். ஹென்ரிக் இரவெல்லாம் அவதிப்பட்டார்.

*

நேர்காணல் காலையில் இன்னொரு குழப்பம். நிதியத்தின் ஆட்கள், மாநாட்டுப் பதாகைக்குப் புதுப் படம் வேண்டும் என்று உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். ‘இயல்பாக, எளிமையாக’ இருக்க வேண்டுமாம். ப்ரீத்தியோ, விசாவுக்குப் போகும்போது வசதியாகத் தெரிய வேண்டும் என்று அக்கம்பக்கமெல்லாம் நகை கடன் வாங்கி அம்மாவை அலங்கரித்திருந்தாள். பட்டுப் புடவை, அட்டிகை, இரண்டு கையிலும் வளையல். கலா கல்யாண வீட்டுக்குச் சம்பந்தியாகப் போவதுபோல இறங்கி வந்தார்.

புகைப்படக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். “இவங்களா அந்த ஏழை?”

கலா உள்ளே போய்ப் பழைய காட்டன் புடவையில் வந்தார். படம் எடுத்தார்கள். மறுபடி பட்டு. ஆட்டோவில் ஏறியதும் புகைப்படக்காரர் ஓடி வந்தார். வெளிச்சம் சரியில்லையாம், இன்னொரு படம் வேண்டுமாம். “ரெண்டு புடவையையும் ஒண்ணா கட்டிக்கினு வர்றேன், பாதி பாதியா எடுத்துக்கோ” என்று கலா கத்தியதும் ஆட்டோ கிளம்பிவிட்டது. ஹென்ரிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில், டிரைவரோடு பாதி இடத்தில் உட்கார்ந்து வந்தார்.

விசா அலுவலகம் ஊருக்குள் ஒரு கண்ணாடிக் கட்டடம். ஹென்ரிக்கை உள்ளே விடவில்லை. விசா கேட்பவரும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும்தான் போகலாம். தன் நாட்டுக் கொடிக்குக் கீழே, வாசலில், செக்யூரிட்டியின் ஸ்டூலில் அவரை உட்கார வைத்துவிட்டுப் போனோம்.

கேள்வி கேட்டது திரையில் ஒரு பெண் அதிகாரி. மும்பையிலிருந்து பேசினாள். இளம் வயது, மரியாதையான குரல். அழைத்தவர் பெயரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “கல்லூரியில் இவருடைய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். இந்தத் துறைக்கே அதனால்தான் வந்தேன்” என்றாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த நிமிஷம் போய்விட்டது. “அழைப்புக் கடிதத்தில் இவர் கடும் வறுமையில் வாழ்கிறார் என்று எழுதியிருக்கிறது. வங்கிக் காகிதத்தில் சேமிப்பு இருப்பதாகத் தெரிகிறது. எது உண்மை?”

மொழிபெயர்த்தேன். கலா என்னைப் பார்த்தார். “எதைச் சொன்னா விசா குடுப்பாங்க?”

கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அப்படியே சொன்னேன். திரையில் அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

“முன்னாடி ஏழைதான், மேடம்” என்றார் கலா. “இப்ப கொஞ்சம் பரவால்ல.”

“எங்கள் நாட்டில் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா?”

கலா அட்டிகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். யாருடையதோ அது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எம் புள்ள இருக்கான்” என்றார். “அவனைப் பாக்கத்தான் வர்றேன். மாநாடு அப்புறம்தான். பெத்த புள்ளைய இல்லைன்னு சொல்ல வாய் வரல.”

மொழிபெயர்த்தேன்.

“அப்படியானால், அவரோடு நீங்கள் அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்று எப்படி நம்புவது?”

“மேடம், உங்க ஊர்ல இட்லி மாவு புளிக்குமா?”

அதிகாரி குழம்பினாள். நான் இரண்டு முறை விளக்கினேன். தெரியாது என்றாள்.

“புளிக்காதாம். எம் புள்ள சொன்னான். மூணு நாள் வெச்சும் பொங்கலயாம். மாவு பொங்காத ஊர்ல நான் இன்னா பண்றது? வாகட்ல எனக்கு அறுபது கஸ்டமரு இருக்காங்க.”

அந்தப் பெண் சிரித்தேவிட்டாள். பிறகு வெகுநேரம் டைப் செய்தாள். நன்றி சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள்.

வெளியே வந்ததும் எல்லாவற்றையும் ஹென்ரிக்கிடம் சொல்லச் சொன்னார் கலா. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். “மகன் எந்த ஓட்டலில்?” என்று மட்டும் கேட்டார். கலா பெயரைச் சொன்னார். ஹென்ரிக் மாதம் ஒரு முறை மனைவியோடு சாப்பிடப் போகும் இடமாம் அது.

*

பதில் வரச் சில நாட்கள் ஆயின. அதற்குள் ஹென்ரிக் வாகட்டில் பிரபலமாகிவிட்டார். பாயி வராத நாட்களில் தட்டு எடுத்துக் கொடுத்தார். “நோ எக்ஸ்ட்ரா சட்னி” என்று அவர் சொன்னால் ஒரு பயலும் வாதாடுவதில்லை. கலாவுக்கு மேடைப் பேச்சுப் பயிற்சியும் நடந்தது. அமைச்சரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். அங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றதும் திடுக்கிட்டு, “ச்சே, மரியாதை இல்லாம” என்றார்.

விசா மறுக்கப்பட்டது. போதுமான வசதி இல்லை, திரும்பி வரும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று இரண்டு காரணங்கள். முதல் காரணத்துக்கு ஆதாரமாக, கடும் வறுமை என்று ஹென்ரிக்கே எழுதிய அழைப்புக் கடிதத்தைக் காட்டியிருந்தார்கள்.

அதை அவருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அவர் மொழியிலும் எழுதியிருந்தது. மூன்று தடவை படித்தார். பிறகு தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள், விதி என்றார்கள். கடைசியில் மாநாட்டு அமைப்பாளர் அம்மாள் கூப்பிட்டாள். அவள் குரல் எனக்கே கேட்டது. “கவலைப்படாதீர்கள் ஹென்ரிக். ஏற்கனவே விசா வைத்திருக்கும் ஏழை யாராவது அங்கே கிடைப்பார்களா என்று பாருங்கள்.”

ஹென்ரிக் இணைப்பைத் துண்டித்தார். இந்த மனிதர் யாருடைய போனையும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

கலா அழவில்லை. நகைகளை ஒவ்வொன்றாகத் துணியில் முடிந்து, உரியவர் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். ப்ரீத்திதான் அழுதாள். “மம்மி, நீ ஜூட் சொல்லிருக்கணும். ஒரு ஜூட். ஒண்ணே ஒண்ணு.”

“பொய்யா? போடி” என்றார் கலா. “அப்பவும் வேற ஒண்ணு சொல்லி இல்லைன்னுதான் சொல்லியிருப்பாங்க. பொய்யும் சொல்லி விசாவும் கிடைக்காம போயிருந்தா எனக்கு இன்னும் எரிச்சலா இருந்திருக்கும்.”

ஹென்ரிக் என் மூலமாகக் கேட்டார். “உங்கள் சார்பில் மாநாட்டில் நான் என்ன சொல்லட்டும்?”

“நான் வரலைன்னு சொல்லுங்க. ஏன் வரலைன்னும் சொல்லுங்க, அது போதும்” என்றார் கலா. உடனே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார். “நீங்க எப்படியும் போவீங்கள்ல? அப்ப இத எடுத்துக்கினு போங்க.”

அன்று முழுக்க அந்தச் சந்தே மணத்தது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய், முறுக்கு, பால்கோவா. எங்கள் உடைகளில் பாதியை ப்ரீத்தி வெளியே எடுத்துப் போட்டுவிட்டு இவற்றை அடைத்தாள். ஹென்ரிக்கின் கோட்டும் சூட்டும் இன்றுவரை தாபோடியில்தான் இருக்கின்றன.

விமானத்தில் அவர் மாநாட்டுப் பேச்சைத் திருத்தினார். ஏழாவது வழியை முதலாவதாகக் கொண்டுபோனார். அமைச்சர் எழுந்து போய்விடுவாரே என்றேன். “போகட்டும், அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பாஸ்போர்ட் இருக்கிறது” என்றார்.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். பால் பொருள் உள்ளே வரக் கூடாது. பால்கோவா டப்பாவை அதிகாரி எடுத்து வைத்தார். விதி என்று எனக்குத் தெரியும், நான் நகர்ந்துவிட்டேன். ஹென்ரிக் நகரவில்லை. “இது ஒரு தாய் தன் மகனுக்குச் செய்தது” என்றார். விதி என்றார் அதிகாரி. “அந்தத் தாயை விடவில்லை. இனிப்பையாவது விடுங்கள்” என்றார் ஹென்ரிக். அவர் குரலை உயர்த்தியதில் பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது. டப்பா போனது போனதுதான். மிச்சம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். ஊறுகாயை மோந்து பார்த்த அதிகாரி மட்டும் கொஞ்ச நேரம் தும்மினார்.

வெளியே தினேஷ் நின்றிருந்தான். அம்மாவின் உருண்டை முகம். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறான். எங்களுக்கு வணக்கம் சொல்லி, பையை வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். பிறகு ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து, விரலை விட்டுத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். திங்கட்கிழமை அனுமதி அலுவலகத்துக்குத் தானும் கூட வருவதாக ஹென்ரிக் சொன்னார். அவன் அதைக் கேட்டானா என்றே தெரியவில்லை.

அப்போது அவனுடைய போன் அடித்தது. வீடியோ கால். அவன் கை இரண்டும் எண்ணெய். ஹென்ரிக் போனை வாங்கித் திறந்து, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“எளைச்சுட்டியேடா” என்றது கலாவின் குரல். தினேஷ் வாய் நிறைய முறுக்கோடு, இல்லம்மா, இல்லம்மா என்றான். பேச ஆரம்பித்த பிறகு இருவராலும் நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டுச் செய்தி, மாவு, மழை, ப்ரீத்தியின் கல்யாணப் பேச்சு என்று போய்க்கொண்டே இருந்தது. டாக்சி வந்துவிட்டது என்று நான் ஹென்ரிக்கிடம் சாடை காட்டினேன். அவர் தலையை மட்டும் அசைத்து, அதைப் போகச் சொன்னார். கை வலித்திருக்க வேண்டும். போனை இடக் கைக்கு மாற்றிக்கொண்டார், கொஞ்சமும் தாழ்த்தவில்லை.